ஓய்வெடுக்கச் சிங்கப்பூர் போய் வந்த களைப்பு

நோர்வூட்,
புதன்கிழமை, விடாத மழை.

அன்பும் மரியாதையும் என்றைக்கும் குறையாத மச்சான் செல்லசாமி அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜீவராணியின் வீட்டுக்காரன் வீரய்யா எழுதிக்கொள்வது. பூண்டுலோயாவில் நீங்களும் அக்காவும் பேரப்பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். கடையும் அதுபோலவே நடக்கட்டும். இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். முழங்கால் சம்மதிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

நீங்கள் மூன்று முறை போன் எடுத்து, சிங்கப்பூரில் நல்ல ஓய்வா என்று விசாரித்தீர்கள். மூன்று முறையும் நான் விவரம் சொன்னேன். நீங்களோ கடையில் நின்றுகொண்டு பேசுகிறீர்கள். ஒரு காதில் ரேடியோ, மறு காதில் பருப்பு நிறுக்கச் சொல்லும் ஆள். "ஓய்வா, அது எங்க மச்சான் கெடைச்சுச்சு" என்று நான் சொன்னதில் முதல் வார்த்தை மட்டும் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. சந்தோஷம், சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். போதாக்குறைக்கு, தங்கச்சியும் மாப்பிள்ளையும் சிங்கப்பூர் போய்ப் பத்து வயது குறைந்து வந்திருக்கிறார்கள் என்று பூண்டுலோயா பஜார் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்களாம். அங்கிருந்து வந்த பஸ் கண்டக்டர் நேற்று என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மிச்சச் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத்தில் வைக்கிறேன். உட்கார்ந்து வாசியுங்கள். உட்காரக் கொடுத்துவைத்தவர்கள் உட்கார வேண்டும்.

மச்சான், இந்தப் பயணத்தை ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான். போன தீபாவளிக்கு வந்தபோது, நாலு நாள் மூன்று ராத்திரி, கையைக் காலை நீட்டிக்கொண்டு கிடந்துவிட்டு வரலாம் என்று சொன்னது நீங்கள். ஹட்டனில் டிக்கெட் போடுகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நீங்கள். அங்கே கொடுத்த தாளில், கண் இரண்டிலும் வெள்ளரிக்காய்த் துண்டை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கடற்கரை நாற்காலியில் மல்லாந்து கிடந்தான். நாற்பத்தொரு வருஷம் டீமேக்கர் வேலை பார்த்தவன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கிற ரோலர் நின்றால் என் தூக்கமும் நின்றுவிடும். உங்கள் தங்கையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தைந்து வருஷம் தோட்டத்து மருத்துவச்சி. சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து யாராவது வந்து கதவைத் தட்டாமல் அவள் ஒரு வேளை சாப்பிட்டதை நான் கண்டதில்லை. இரண்டு பேரும் ஓய்வுபெற்று ஐந்து வருஷமாகியும் உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. சரி, நாமும் நாலு நாளைக்கு வெள்ளரிக்காய் மனிதனாக இருப்போம் என்று ஆசைப்பட்டது என் குற்றம்தான்.

முதல் நாள் காலையில் போய் இறங்கினோம். விமானத்தை விட்டு இறங்கிய இடத்துக்கும் விமான நிலையத்தின் வாசலுக்கும் நடுவில் நான் நடந்த தூரத்தில், இங்கேயென்றால் இரண்டு மலை ஏறி இறங்கியிருக்கலாம். வாசலில் ஜனகன் என்று ஒரு வழிகாட்டித் தம்பி சிவப்புக் கொடியோடு நின்றார். நல்ல பிள்ளை, நல்ல தமிழ். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். சாமான்களைக்கூட இறக்க விடாமல் ஒன்பது இடம் காட்டினார், இடத்துக்குப் பத்து நிமிஷம். ஒன்பது இடத்திலும் எடுத்த படங்களில் நான் பஸ்ஸிலிருந்து வாயைத் திறந்துகொண்டு இறங்கிக்கொண்டே இருக்கிறேன். ரயிலில் ஏறினால் கொஞ்சம் உட்காரலாம் என்று பார்த்தேன். ஒரு பையன் எழும்பி எனக்கு இடம் கொடுத்தான். அதில் போய் உங்கள் தங்கை உட்காரவில்லை, என்னையும் உட்கார விடவில்லை. எதிரே நின்ற ஒரு சீனத்துக் கர்ப்பிணிப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். வைத்ததோடு நிற்காமல், பிள்ளை இன்னும் தலை திரும்பவில்லை, இடது பக்கமாகப் படு என்று கையாலும் காலாலும் நடித்துக் காட்டினாள். அந்தப் பெண் பயந்துபோய் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டாள். அது அவள் இறங்க வேண்டிய ஸ்டேஷனாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

ஹோட்டல் அறையைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே மச்சான். கட்டிலைச் சுற்றி வர முடியாது, ஆளுக்கொரு பக்கமாக ஏறிப் படுத்தால் அதுதான் அறை. வெளியே கொழும்பு வெயிலைத் தோற்கடிக்கிற வெயில், உள்ளே ஏசி டிசம்பர் மாதத்து நுவரெலியா. அதைக் குறைக்கிற பொத்தான் எது என்று கண்டுபிடிக்க முடியாமல், மலைநாட்டுக் குளிரிலிருந்து தப்பி வந்த நாங்கள் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு சிங்கப்பூரில் படுத்துக் கிடந்தோம். காலையில் தேநீர் என்று ஒரு நூல் கட்டின பொட்டலம் கொடுத்தார்கள். நான் அதைக் கிழித்து உள்ளங்கையில் கொட்டி முகர்ந்து பார்த்தேன். எந்தத் தோட்டத்துத் தூள் என்று சொல்லி அதன் மானத்தை வாங்க எனக்கு மனம் வரவில்லை. குடிக்காமல் எழும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கோயிலும் கடைத்தெருவும்தான் நிகழ்ச்சி. கோயிலை விட்டு வெளியே வந்தால் பக்கத்துப் புல்வெளி நிறைய நம் பெண்கள். வீட்டு வேலைக்கு வந்த பிள்ளைகள், வாரத்தில் கிடைக்கிற லீவில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைத் தாண்டிப் போகையில் ஒரு பிள்ளை எழும்பி வந்து உங்கள் தங்கையின் முகத்தைப் பார்த்தது. "நீங்க டயகம மருத்துவச்சி அம்மாதானே?"

ஜீவராணி டயகமவில் வேலை பார்த்த வருஷங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பிள்ளையை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். "நீ பொறக்குறப்போ காலு முன்னால வந்த புள்ள. சோலைமலை மக கௌசி."

அந்தப் பிள்ளை அப்படியே உங்கள் தங்கையின் தோளில் சாய்ந்துவிட்டது. எனக்கு நல்ல வெயில். நிழல் ஒன்று தேடலாம் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் சேதி புல்வெளியில் பரவி, அக்கரப்பத்தனைப் பிள்ளை ஒன்று, பொகவந்தலாவைப் பிள்ளைகள் இரண்டு, எந்த ஊர் என்று கேட்க நேரமில்லாத நாலைந்து பேர் என்று சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு மாதவிலக்குக் கோளாறு, ஒருத்திக்கு வேறொன்றும் இல்லை, யாரிடமாவது அழ வேண்டும். தோட்டத்தில் மாதம் ஒருமுறை நடக்கிற கிளினிக் சிங்கப்பூரில் மூன்று மணி நேரம் நடந்தது. நான் குடை பிடித்தேன். பெண்கள் சமாச்சாரம் வரும்போதெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டே எதிர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நான் எத்தனை தடவை திரும்பினேன் என்பது என் கழுத்துக்குத் தெரியும்.

இனி கௌசியின் கதை. அதுதான் என் ஓய்வைக் கொண்டுபோன கதை. வயது இருபத்தேழு. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். மகள் ரூபிகாவை இரண்டு வயதில் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள், இப்போது மகளுக்கு நாலு வயது. அங்கே ஒரு சீனத்துக் கிழவியைப் பார்த்துக்கொள்கிற வேலை. வேலை கொடுத்த மேடம் அந்தக் கிழவியின் மகள், கெட்டவள் இல்லை. ஆனால் கிழவி கௌசி கையால் அல்லாமல் வேறு யார் கையாலும் சாப்பிடாது, கௌசியைக் காணாவிட்டால் கத்தும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது கிழவி மத்தியானம் தூங்குகிற இரண்டு மணி நேரம்தான். இரண்டு வருஷத்தில் அவள் பார்த்த சிங்கப்பூர் அந்தப் புல்வெளி ஒன்று. மகளோடு தினமும் வீடியோவில் பேசுகிறாள். அந்தச் சின்னது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது தெரியுமா மச்சான்? அம்மா போனுக்குள்தான் குடியிருக்கிறார்கள் என்று. அம்மாவுக்குச் சோறு ஊட்டுகிறேன் என்று போனில் பருப்பைத் தடவுகிறதாம். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகள், உன் அம்மா ஓடிப்போய்விட்டார்கள் என்று சொல்ல, இது அழுதிருக்கிறது. சிங்கப்பூருக்கு அடையாளமான அந்தத் தண்ணீர் துப்புகிற சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் நின்று முகம் காட்டுகிறேன் என்று கௌசி மகளிடம் சொல்லி ஒன்றரை வருஷமாகிறது. சிங்கத்திடம் போய்வர இரண்டு மணி நேரம் போதாது. இதோடு இன்னொன்று. இன்னும் இரண்டு வருஷத்துக்கு இருக்கச் சொல்லி மேடம் கொடுத்த தாள், குளிர்சாதனப் பெட்டி மேல் காந்தத்தில் ஒட்டியபடி கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

எங்களுடைய மூன்றாம் நாள் நிகழ்ச்சி என்ன? படகில் ஏற்றி, அந்தச் சிங்கத்தைக் கிட்டத்தில் காட்டி, பிறகு ஒரு தீவுக்குக் கொண்டுபோய் மாலை வரைக்கும் கடற்கரை நாற்காலியில் படுக்க வைப்பது. வெள்ளரிக்காய் நாள் அதுதான். முதல் இரண்டு நாளையும் நான் அந்த நாளை நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டேன். உங்கள் தங்கை என்ன செய்தாள்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிக்கெட்டைக் கௌசி கையில் வைத்து, நாளைக்கு நீ போ, கிழவியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சொன்ன எதற்கு நான் மறுப்புச் சொல்லியிருக்கிறேன்?

அன்று மாலையே மேடத்தைப் பார்க்கப் போனோம். பதினான்காம் மாடி. மேடம் எங்களை எதிரே உட்காரவைத்து, வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் விசாரித்தார். உங்கள் தங்கை தன் ஆஸ்பத்திரி இங்கிலீஷில் சொன்ன பதில் இதுதான்: முப்பத்தைந்து வருஷம், இரண்டாயிரத்துச் சொச்சம் பிள்ளை, ஒன்றைக்கூடக் கீழே போட்டதில்லை. மேடம் என் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன வேலை என்று கேட்டார். டீமேக்கர் என்றேன். நல்லது, அம்மாவுக்கு டீ என்றால் விருப்பம், வேளாவேளைக்குப் போட்டுக் கொடுங்கள் என்றார். நூற்றைம்பது பேரை வைத்துத் தொழிற்சாலை நடத்தினவன் நான் என்று விளக்கப் போனேன். ஜீவராணி காலை மிதித்தாள். ஹாலில் ஒரு கேமரா இருக்கிறது, ஆபீஸில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொல்லி மேடம் சம்மதித்தார்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குக் கௌசி தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஜனகன் தம்பியோடு படகு ஏறப் போனாள். நாங்கள் கிழவி முன்னால் நின்றோம். எண்பத்தாறு வயது, சக்கர நாற்காலி, எலும்பும் கோபமும்தான் மிச்சம். அவர்கள் பேச்சில் பாட்டியை "ஆமா" என்று கூப்பிடுவார்களாம். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். மச்சான், என் கஷ்டத்தை யோசித்துப் பாருங்கள். உங்கள் தங்கை ஏதாவது கேட்பாள், நான் வழக்கம்போல் "ஆமா" என்பேன், கிழவி திரும்பி என்னை முறைக்கும். அன்றைக்குக் காலையில் மட்டும் இருபது தடவையாவது முறைத்திருக்கும். இருபத்தொன்றாம் தடவை நான் "இல்ல" என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் தங்கை முறைத்தாள்.

கஞ்சியை வாயருகே கொண்டுபோனால் கிழவி உதட்டைப் பூட்டிக்கொண்டது. நான் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், என் சட்டையில் துப்பியது. ஜீவராணி ஒன்றும் செய்யவில்லை. கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி தான் ஒரு கரண்டி சாப்பிட்டாள். இன்னொரு கரண்டி சாப்பிட்டாள். மூன்றாவது கரண்டிக்குக் கிழவி கையை நீட்டிவிட்டது. இரண்டாயிரம் பிள்ளையில் எத்தனை பிள்ளைக்கு இந்த வித்தை நடந்ததோ. பிறகு கிழவிக்கு எண்ணெய் தடவிக் குளிப்பாட்டினாள். என்னைத் துணி காயப்போடச் சொன்னாள்.

அங்கே துணி எப்படிக் காயப்போடுகிறார்கள் தெரியுமா? ஒரு நீள மூங்கில் கழியில் துணிகளைக் கோர்த்து, பதினான்காம் மாடி ஜன்னலுக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிச் செருக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செருகினேன். திறந்து பார்த்தால் ஒரு தலையணை உறை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து எதையும் போடுவது அங்கே பெரிய குற்றம் என்று ஜனகன் தம்பி முதல் நாளே சொல்லியிருந்தார். அதை எடுக்க ஓடினேன். எடுத்தேன். திரும்பிப் பார்த்தால் எந்தக் கட்டடத்திலிருந்து இறங்கினேன் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி, ஒரே நிறம், ஒரே கதவு, வரிசைக்கு வரிசை காயும் துணி. நம் தோட்டத்து வரிசை வீட்டு லயம்தான் மச்சான், நிமிர்த்தி நிறுத்தி வைத்த லயம். நம் லயத்திலாவது பெயரைச் சொன்னால் எந்தக் காம்பரா என்று நாலு பேர் கை காட்டுவார்கள். இரண்டு கட்டடத்தில் பதினான்காம் மாடி வரை போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டில் ஒருவர் அரைக்கால் சட்டையோடு கதவைத் திறந்து, என் கையில் இருந்த தலையணை உறையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி மூடிக்கொண்டார். விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில் கீழே புல்லில் நின்றுகொண்டு, வயதையும் மானத்தையும் விட்டு, "ஜீவராணி" என்று மலைக்கு மலை கேட்கக் கூப்பிட்டேன். மூன்றாவது கட்டடத்தில் ஒரு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. உங்கள் தங்கையும் கிழவியும். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிழவி சிரித்து எட்டு மாதமாகிறது என்று பிறகு மேடம் சொன்னார். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

மேலே போனதும் அலமாரியைத் துழாவி, பின்னால் கிடந்த ஒரு பழைய டின்னில் இலைத் தூள் கண்டுபிடித்தேன். நம் மலைத் தூள்தான், வாசம் பாதி போயிருந்தது, பரவாயில்லை. தண்ணீரைக் கொதி பிடித்த கணத்தில் இறக்கி, ஐந்து நிமிஷம் மூடி வைத்து, பால் இல்லாமல் கிழவிக்குக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிடியை விடவே இல்லை. இரண்டு மணி நேரம் மச்சான். மூக்கில் அரிப்பு, கொசுக் கடி, மற்ற அவசரங்கள், எல்லாவற்றையும் இடது கையாலேயே சமாளித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கடற்கரை நாற்காலியில் நான் படுத்திருக்க வேண்டிய நேரம் அது.

ஆறு மணிக்கு மேடம் வந்துவிட்டார். ஆறு மணிக்கு வர வேண்டிய கௌசி வரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது. ஜனகன் தம்பியைக் கேட்டால், நாலு மணிக்கே சிங்கத்துக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டாள், வழி தெரியும் என்று சொன்னாள் என்கிறார். வெளியே மழை கொட்டுகிறது. மேடம் அங்குமிங்கும் நடந்தார். போன வருஷம் பக்கத்து வீட்டு வேலைக்காரப் பெண் இப்படித்தான் ஒருநாள் போய்த் திரும்பி வரவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் சோலைமலை முகத்தில் எப்படி விழிப்பது? ஒன்றும் ஆகாமல் வேலை போய்விட்டால் அதற்கு யார் பதில் சொல்வது? உங்கள் தங்கை மட்டும் கிழவிக்குத் தலை சீவிக்கொண்டு, "வந்துருவா" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கால முன்னால வச்சு வந்தவ. நின்னு நின்னுதான் வருவா."

ஏழு இருபதுக்குக் கதவு திறந்தது. தலைப் பூவெல்லாம் மழைக்கு உதிர்ந்து, நனைந்த கோழிபோல் நின்றாள். மேடம் வாயைத் திறக்குமுன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சிங்கத்துக்குப் பக்கத்தில் நின்று வீட்டுக்கு வீடியோவில் போன் எடுத்திருக்கிறாள். ரூபிகா பார்த்திருக்கிறது. முதலில் சிங்கம், அப்புறம் தண்ணீர், அப்புறம் கரையில் முழு ஆளாக நிற்கிற அம்மா, காலில் செருப்போடு. அதுவரைக்கும் அது அம்மாவின் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தது. "பாட்டி, அம்மா போனை விட்டு வெளிய வந்துட்டாங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டு லயம் பூராவும் ஓடியிருக்கிறது. காம்பராவுக்குக் காம்பரா போனைக் கொண்டுபோய்க் காட்டி முடிப்பதற்குள் இங்கே கௌசியின் போன் உயிரை விட்டுவிட்டது. போன் இல்லாமல் எந்த பஸ் என்று தெரியவில்லை. பாதி வழி மழையில் நடந்தே வந்திருக்கிறாள்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, நான் ஊருக்குப் போகிறேன் மேடம் என்றாள். மேடம் போய்க் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். புது ஆள் கிடைக்க ஆறு வாரமாவது ஆகும், அதுவரை இரு என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. அந்தக் களைப்பு எனக்குத் தெரிந்த களைப்பு. கிழவிக்கு ஒன்றும் புரியவில்லை. கௌசியின் ஈரச் சட்டைக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டது. ஒரு பக்கம் ஒரு பிள்ளைக்குத் தாய் திரும்பக் கிடைக்கிறாள், இன்னொரு பக்கம் ஒரு கிழவிக்கு இருந்த ஒரு கையும் போகிறது. எந்தப் பக்கத்துக்கு நான் சந்தோஷப்படுவது? எனக்குக் கால் வலித்தது. எந்தப் பக்கமும் படாமல் வந்துவிட்டேன்.

நாலாம் நாள் திரும்பினோம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வேனில் ஏழு மணி நேரம், கினிகத்தேனையில் மண்சரிவு. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தேன். மூன்றாம் நாள் எழும்பினால், சிங்கப்பூர் எப்படி என்று விசாரிக்க வாசலில் வரிசை. ஆகவே மச்சான், இனி யாருக்காவது அந்த ஊருக்குப் போகச் சொன்னால் போகச் சொல்லுங்கள், ஓய்வு என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். அந்த ஊர், அந்தப் பதினான்காம் மாடி, அந்தக் கிழவி, எதையும் நினைக்கக்கூடாது என்று நான் முடிவாக இருக்கிறேன். ஏற்கெனவே பாதிக்கு மேல் மறந்தாயிற்று.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், பெரியவர்களுக்கு என் கும்பிடு. உங்கள் குடும்பத்துக்குக் கதிர்காமக் கந்தன் குறைவில்லாத பலனும், நிறைவான ஆயுளும், முக்கியமாக நல்ல முழங்கால்களும் அருள வேண்டும்.

இப்படிக்கு,
களைப்போடும் பிரியத்தோடும்,
வீரய்யா.

பி.கு.: அண்ணே, நாந்தான் ஜீவராணி எழுதுறேன். ஸ்டாம்ப் ஒட்டித் தபாலுக்குக் குடுன்னு இதை என் கையில குடுத்தாரு. ஒட்டுறதுக்கு முன்ன வாசிச்சேன். அந்த டிக்கெட்டைக் கௌசி கையில வச்சது நான் இல்ல. நான் வாயே தெறக்கல. அவருதான், எனக்கு மணல்ல நடக்க ஏலாது, பாதத்துல வாதம் இருக்குன்னு ஒரு பொய்யைச் சொல்லி அந்தப் பிள்ளைகிட்ட நீட்டினாரு. அவருக்கு வாதமும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு மணி நேரம் அசையாம உட்கார்ந்திருந்தேன்னு எழுதியிருக்காரே, அது தூக்கம். கிழவியும் அவரும் கையைக் கோத்துக்கிட்டு வாயைத் தெறந்துகிட்டுத் தூங்கினாங்க. கேமராவுல விழுந்ததை மேடம் எனக்கு அனுப்பியிருக்காங்க, அடுத்த தடவ வந்தா காட்டுறேன். கல்யாணம் கட்டின நாள்ல இருந்து இந்த மனுசன் பகல்ல தூங்கி நான் பார்த்ததே அன்னைக்குத்தான்.

இன்னும் ஒண்ணு. மறந்தாச்சுன்னு எழுதியிருக்காரு. நாங்க வந்ததுல இருந்து தெனமும் காலையில ஆறு மணிக்கு ஃபிளாஸ்க்கைக் கக்கத்துல வச்சுக்கிட்டு மேட்டுக்குப் போறாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. ஒருநா பின்னாலயே போய்ப் பார்த்தேன். போனைத் தேயிலைச் செடியில சாத்தி வச்சுட்டு, அந்தப் பக்கம் கிழவி கையில ஒரு கோப்பை, இந்தப் பக்கம் இவரு கையில ஒரு கோப்பை. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல. குடிச்சு முடிச்சுட்டுக் கோப்பையைக் கவுத்துக் காட்டுறாங்க. கௌசி வாற மாசம் வந்துருவா. மேடம் சொன்னதைவிடச் சீக்கிரமே வந்துட்ட புதுப் பிள்ளைக்கு எத்தனை நிமிசம் மூடி வைக்கணும்னு இவருதான் போன்ல சொல்லிக் குடுக்கிறாரு.

இப்ப நான் எழுதுறப்பவும் ஆறு மணி ஆகப் போகுது. குடையை எடுத்துட்டாரு. எங்கன்னு கேட்டேன். பக்கத்து வீட்டு நாய்க்குச் சொகமில்ல, ஒரு எட்டுப் பார்த்துட்டு வாறேன்னாரு. அந்த நாய் செத்து மூணு மாசமாச்சு அண்ணே.